பதினொரு சிவப்பு டிக்குகள்

அத்தியாயம் 12

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வசந்தகுமாரி மாரியம்மன் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

படத்துக்குக் கீழே, சுவரில் சோற்றுப் பசை தடவி ஒட்டிய இரண்டு தாள்கள் இருந்தன. அம்மனைப் பார்த்தால் அவையும் கண்ணில் படும்.

இடப்பக்கத் தாள் அவள் மகன் ரவிக்குமாருடையது. பன்னிரண்டு கட்டங்கள். மூன்றில் மட்டும் சிவப்பு டிக். வலப்பக்கத் தாள் அவளுடைய நாத்தனார் மகள் சந்திரமதியுடையது. அதிலும் பன்னிரண்டு கட்டங்கள். பதினொன்றில் டிக்.

மூன்று வருடமாகப் பள்ளிக்கூடம் போகிறவனுக்கு மூன்று. ஆறே மாதம் போனவளுக்குப் பதினொன்று.

போன வாரம் பள்ளிக்கூடம் தன்னிடம் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு அந்தத் தாள்களை வீட்டுக்கு அனுப்பியபோது, வசந்தாவின் கணவன் தேவேந்திரன் துள்ளிக் குதித்ததை நாம் பார்த்தோம். "பதினொண்ணு! எந்தங்கச்சி மக பதினொண்ணு!" என்று அவன்தான் பசை காய்ச்சி ஒட்டினான். கட்டங்களுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எல்லாம் இந்தி எழுத்து. கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த இரண்டு பேருக்கும் இந்தி பேச வரும். சண்டை போடக்கூட வரும். படிக்க வராது. ஆனால், டிக்கை எண்ண எழுத்துத் தெரிய வேண்டியதில்லையே.

அந்தத் தாளைப் பற்றி விளக்கிச் சொல்லப் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடந்தது. வசந்தா போகவில்லை. ஷீலா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்பதால் போகவில்லை.

ஷீலாவைப் புதிய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். தேவேந்திரனின் ஒரே தங்கை. கடல் பொங்கி வந்த அந்த டிசம்பரில் அவள் கணவன் சொக்கலிங்கம் போனவன் போனவன்தான். நாலு வருடத்துக்கு மேல் தகரக் கொட்டகையில் கிடந்துவிட்டு, வலது கையும் காலும் பிறவியிலேயே விறைத்துப்போன மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, புரோத்ராபூருக்கு அண்ணனைத் தேடி வந்தாள். இப்போது ஹேவ்லாக் தீவில் ஒரு விடுதியில் துணி வெளுக்கிறாள். வெள்ளி மாலைக் கப்பலில் வருவாள், ஞாயிறு காலையில் போவாள். மற்ற நாட்களில் சந்திரமதி வசந்தாவின் பொறுப்பு.

அலைக்கு ஒரு வருடம் முன்பே துறைமுக வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்துவிட்ட குடும்பம் வசந்தாவுடையது. அவள் கணவன் இருக்கிறான், கூரை இருக்கிறது. அப்படியிருந்தும் பொறாமைப்பட அவளுக்கு ஒன்று கிடைத்துவிட்டது. பொறாமைக்கு வசதி, வறுமை என்று பார்க்கத் தெரியாது.

"வசந்தா, இன்னிக்கு ஸ்கூலப் பாக்க ஆபீஸ்லேர்ந்து பெரிய மேடம் வர்றாங்கன்னு சொன்னியே," என்று தேவேந்திரன் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னான். "சந்திராவுக்கு ரெட்டைச் சடை போட்டு விடு. ரிப்பன் வாங்கியாந்து வச்சிருக்கேன்."

"ரவிக்கு?"

"ஆம்பளப் புள்ளைக்கு என்னா, ரிப்பனா?"

"இந்த வூட்டுல சடை இருந்தாத்தான் சாமான் வருமுன்னு இருக்கு. நான் வேணா ரவிக்கு முடி வளத்து விடுறேன்."

"அரே, காலங்காத்தால என்னா பேச்சு இது!" அவன் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடினான். "பஸ் போயிரும். வர்றேன்."

அவன் சிரித்துவிட்டுப் போனதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

அடுப்படி வாசலில் சந்திரமதி உட்கார்ந்திருந்தாள். பால் பொங்குவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தவள். வெள்ளைச் சட்டையை எப்படியோ தோளில் ஏற்றி, குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு என்னவோ செய்துகொண்டிருந்தாள். வசந்தா டம்ளரோடு திரும்பியபோது அவள் நிமிர்ந்து நெஞ்சைக் காட்டினாள்.

"மாமி... பாரு."

ஐந்து பொத்தான்களும் போட்டிருந்தன. கடைசிப் பொத்தான் இடம் மாறி, சட்டையின் ஒரு முனை மேலேயும் ஒரு முனை கீழேயும் தொங்கியது.

வசந்தா அதைப் பார்த்தாள். ஆனால், அவள் மனசு வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய மேடம் வருவாள். எல்லாப் பிள்ளைகளின் தாள்களையும் சுவரில் குத்தி வைத்திருப்பார்கள். ரவிக்குப் பக்கத்தில் சந்திரா. மூன்றுக்குப் பக்கத்தில் பதினொன்று. மற்ற அம்மாக்கள் எண்ணுவார்கள்.

இவள் இன்று ஒரு நாள் வராவிட்டால் என்ன?

"இன்னிக்கு உனக்கு ஸ்கூல் இல்ல," என்றாள். "காய்ச்சல் அடிக்குது."

சந்திரமதி இடது கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இல்லையே, மாமி!" என்று குழறலாகச் சொல்லிச் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள்.

"அடிக்குதுன்னா அடிக்குது. கழட்டு."

வசந்தாவே குனிந்து ஐந்து பொத்தான்களையும் கழற்றினாள். ஐந்துக்கும் சேர்த்து ஐந்து நொடிகூட ஆகவில்லை. பிள்ளை அழவில்லை. கழன்ற பொத்தான் ஒவ்வொன்றையும் கண்ணால் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டு மருதாயி முற்றத்தில் சூரை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மருதாயிக்கா, புள்ளைக்கு மேலு சுடுது. மதியம் வரைக்கும் ஒரு கண்ணு பாத்துக்குங்க."

"ஐயோ, மாத்திரை குடுத்தியா?"

"குடுத்தாச்சு."

பொறாமையில் ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணையாக இன்னொன்றும் சொல்ல வேண்டி வருகிறது. வசந்தா அன்று விளக்கேற்றவில்லை. வெள்ளிக்கிழமையாயிற்றே என்பது தெருமுனை திரும்பியபிறகுதான் நினைவுக்கு வந்தது. ரவி பாதி வழியில் நின்றுவிட்டான். அவள் இடுப்பைப் பார்த்தான். தினமும் ஏற்றத்தில் சந்திராவைத் தூக்கிக்கொள்ளும் இடுப்பு அது. இன்று காலியாக இருந்தது.

"வாடா."

அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

பள்ளிக்கூடம் மூன்றே அறை. அரசாங்கம் நடத்துவது. மற்ற பள்ளிகள் வேண்டாம் என்று சொன்ன பிள்ளைகள் அங்கே பாயில் உட்கார்ந்து படித்தார்கள். கிளாரா டீச்சரும் ஆயா கருப்பாயியும்தான் அங்கே எல்லாம். கிளாராவின் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்து தீவிலேயே தங்கிவிட்டவர்.

வசந்தா எதிர்பார்த்ததற்கு மாறாக, சுவரில் எந்தத் தாளும் இல்லை. தாள்கள் டீச்சர் மேஜைமேல் ஒரு கோப்பில் கட்டியிருந்தன.

"எங்கேக்கா சந்திரா?" என்று கிளாரா வாசலுக்கே ஓடிவந்தாள்.

"காய்ச்சல் டீச்சர்."

கிளாராவின் முகம் வெளுத்தது. "இன்னைக்கா? ஐயோ, ஏசுவே. பிள்ளைகளை நேர்ல எண்ணுவாங்கன்னு போன கூட்டத்துலயே சொன்னேனே!"

"பேருதான் புத்தகத்துல இருக்குதே டீச்சர்?"

"பேரை அவங்க ஆபீஸ்ல உக்காந்தே படிச்சுக்குவாங்களேக்கா! பேரு மட்டும் எழுதி வச்சு ஏமாத்துறாங்கன்னு எங்கேயோ புகார் போயிருக்கு. அதான் எண்ண வர்றாங்க. பதினஞ்சுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் நம்ம ஸ்கூலை டவுன் ஸ்கூலோட சேர்த்துருவாங்க."

வசந்தா ரவியைத் திரும்பிப் பார்த்தாள். டவுன் பள்ளிக்கு பஸ்ஸில் போக வேண்டும். பஸ் என்ஜின் சத்தம் கேட்டாலே ரவி காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறுவான். இந்தப் பள்ளி போனால் அவனுக்கு வேறு பள்ளி கிடையாது. வீடும் அடுப்படி வாசலும்தான்.

அவள் மறைக்க நினைத்தது நாத்தனார் மகளை. குழி விழுந்தது தன் மகன் காலடியில்.

பத்தரை மணிக்குப் பெரிய மேடம் வந்தார். வங்காளத்துப் பெண்மணி, கண்ணாடி போட்ட, களைத்த முகம். பேனாவால் தலைகளைச் சுட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"சௌதா," என்றார். பதினாலு. "புத்தகத்தில் பதினைந்து எழுதியிருக்கிறீர்களே?" என்று இந்தியில் கேட்டார்.

"ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், மேடம்."

"எல்லாப் பள்ளியிலும் இதைத்தான் சொல்கிறார்கள்." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "பன்னிரண்டு மணிவரை ஏடுகளைப் பார்ப்பேன். பிறகு கண்ணால் கண்டதை எழுதிக்கொடுத்துவிட்டுப் போவேன்."

அப்போது ரவிக்குமார் எழுந்தான்.

வழக்கமாகச் சந்திரமதி உட்காரும் இடத்தில், தன் பக்கத்தில், அவன் தன் பையை வைத்திருந்தான். யாரையும் அங்கே உட்கார விடவில்லை. இப்போது அந்தப் பையை மேடத்துக்குச் சுட்டிக்காட்டி, தொண்டையைச் செருமி, உரக்கச் சொன்னான்:

"சந்திரா. வூட்ல."

கிளாரா அவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"யாரு ரவி? இன்னொரு தடவை சொல்லு!"

"சந்திரா."

"சந்திராவுக்குக் காய்ச்சலா?"

"இல்ல," என்றான். தலையையும் ஆட்டினான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

கிளாரா வசந்தாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்து, கோப்பிலிருந்து ரவியின் தாளை உருவி, சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போட்டாள். கண் கலங்கியிருந்தது.

"மூணு வருசமாக் காத்திருந்தோம்க்கா, இந்தக் கட்டத்துக்கு. கூடப் படிக்கிற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். இன்னைக்குக் கூப்பிட்டுட்டான்."

நான்காவது டிக். வசந்தா ஏங்கிக் கிடந்த டிக். அது கைக்கு வந்தபோது அதைப் பார்க்க அவளுக்கு முகமில்லை.

"டீச்சர்," என்றாள் மெல்ல. "அந்தத் தாளுல என்னாதான் எழுதியிருக்கு?"

"தெரியாதா உங்களுக்கு?" கிளாரா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "ஒவ்வொரு பிள்ளைக்கும் வேற வேற தாள்க்கா. ரவிக்கு, இருபது வரைக்கும் எண்ணணும், பேரை எழுதணும், கடையில சாமான் பேரைச் சொல்லி வாங்கணும், நாள்காட்டியில தேதி காட்டணும். இதெல்லாம் பெரிய பெரிய வேலை. சந்திராவுக்கு, பத்து நிமிசம் சாயாம உக்காரணும். கரண்டி பிடிக்கணும். டம்ளரைச் சிந்தாம வாய்க்குக் கொண்டு போகணும்."

கரண்டி. டம்ளர். ரவி நாலு வயதில் செய்தவை.

"அப்ப... ரவி முன்னால இருக்கானா டீச்சர்?"

"முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. அவன் தாள்ல அவன் இருக்கான். அவ தாள்ல அவ இருக்கா."

வசந்தாவின் நெஞ்சுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம் எழுந்தது. அது எழுந்த வேகத்தைக் கண்டு அவளே கூசிப்போனாள். விறைத்த ஒரு கையோடு பிள்ளை கரண்டி பிடிக்கப் பழகுகிறது. அதோடு தன் பிள்ளையை ஓட்டப்பந்தயத்தில் விட்டிருக்கிறாளே, என்ன மனசு இது!

விரலால் வலப்பக்கத் தாளின் கடைசிக் கட்டத்தைத் தொட்டாள். டிக் இல்லாத ஒரே கட்டம்.

"இது என்னா?"

"அதுவா? சட்டைப் பொத்தானைத் தானே போடணும். ரெண்டு மாசமாப் பழக்குறோம். மூணு வரைக்கும் வரும், நாலாவதுல கை நடுங்கி அழுதுருவா. அஞ்சும் போட்டுட்டா இந்தத் தாள் முடிஞ்சிரும், புதுத் தாள் தொடங்கலாம்."

வசந்தா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"போட்டா டீச்சர்," என்றாள். "காலையில அஞ்சும் போட்டா. 'மாமி, பாரு'ன்னு காட்டினா. நான்தான் கழட்டினேன். அவளுக்குக் காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்..."

கிளாரா அவளை முடிக்க விடவில்லை. அவள் தோளில் கை வைத்து, "மணி பதினொண்ணேகால்தான்க்கா. ஓடுங்க," என்றாள்.

அந்த ஒரு சொல்லில் திட்டு இல்லை, கேள்வி இல்லை. மன்னிப்பு என்று நாம் பெரிதாகச் சொல்வது பல சமயம் இவ்வளவு சின்னதாகத்தான் இருக்கிறது.

வசந்தா ஓடினாள்.

மருதாயியின் முற்றத்தில் சந்திரமதி பூனைக்கு மீன் தலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னா வசந்தா, மேலு கல்லு மாதிரி குளுந்து கிடக்கு! எந்தக் காய்ச்சல் இது, வெயிலுக்குப் பயந்து ஓடுன காய்ச்சலா?" என்றாள் மருதாயி.

"எனக்கு வந்த காய்ச்சல்க்கா. அவளுக்கில்ல."

வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து பிள்ளையின் தோளில் போட்டாள். மணி பதினொன்றரை. கை தானாகப் பொத்தானுக்குப் போனது. தொட்டதும் சுட்டதுபோல் எடுத்துக்கொண்டாள்.

"நீயே போடு சாமி."

சந்திரமதி அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"கழட்ட மாட்டேன். அம்மன் மேல சத்தியம். போடு."

முதல் பொத்தான். இடது கை துளையைத் தேடியது, விறைத்த வலது கை ஓரத்தை அழுத்திப் பிடித்தது. இரண்டாவது. கடிகார முள்ளின் சத்தம் வசந்தாவின் காதுக்குள்ளேயே கேட்டது.

"அட, நீ போட்டு விட்டா நிமிசத்துல ஆச்சு!" என்று மருதாயி பொறுமை இழந்தாள். "ஆபீசரு போயிருவாங்கன்னு ஓடியாந்துட்டு, இங்க நின்னு வேடிக்கையா பாக்குற?"

"இருக்கட்டும்க்கா."

மூன்றாவது. நான்காவதில் கை நடுங்கியது. பிள்ளையின் உதடு பிதுங்கியது. வசந்தா தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். ஆறு மாதமாக அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள், குளிப்பாட்டியிருக்கிறாள், தூக்கிச் சுமந்திருக்கிறாள். காத்திருந்ததுதான் இல்லை. நான்காவது உள்ளே போனது.

"ஒண்ணுதான் பாக்கி. இடுப்புல உக்காந்துக்கிட்டே போடு, வா."

ஏற்றத்தில் அவள் மூச்சு வாங்க ஓட, சந்திரமதி அவள் தோளில் தாடையை முட்டுக்கொடுத்துக்கொண்டு கடைசிப் பொத்தானோடு மல்லுக்கட்டினாள். பள்ளி வாசலில் நின்றிருந்த ஜீப்பில் டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டான். மேடம் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"மேடம்சாப்! ஏக் மினிட்!" என்று வசந்தா கத்தினாள். "பந்த்ரா! பதினஞ்சாவது புள்ள!"

மேடம் நின்றார். மூச்சிரைக்கும் பெண்ணையும், அவள் இடுப்பில் கோணல் சட்டையோடு இருந்த பிள்ளையையும் பார்த்தார்.

"காய்ச்சல் என்றார்களே?"

"பொய் மேடம்சாப். நான் சொன்ன பொய். டீச்சர் மேல தப்பில்ல," என்று வசந்தா தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்.

சந்திரமதி இதையெல்லாம் கவனிக்கவில்லை. மேடத்துக்கு நெஞ்சைக் காட்டினாள். ஐந்து பொத்தான்கள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். படியேறி உள்ளே போய், பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரவி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினான்.

ஜீப் போனபிறகு கிளாரா வசந்தாவைத் தனியாக அழைத்தாள்.

"சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன்க்கா. நேத்து ஷீலா போன் பண்ணினாங்க. மாசக் கடைசியில சந்திராவை ஹேவ்லாக்குக்கே கூட்டிட்டுப் போறாங்களாம். பேரை எடுத்துடச் சொன்னாங்க."

"அங்க இந்த மாதிரி ஸ்கூல் ஏது டீச்சர்?"

"இல்லதான். 'அண்ணி முகம் சரியில்ல டீச்சர். எத்தனை நாளைக்கு அவங்களுக்குப் பாரமா இருக்கிறது'ன்னு அழுதாங்க. அடுத்த மாசமும் மேடம் எண்ண வருவாங்கக்கா. அப்ப நான் என்ன செய்வேன்?"

சாயங்காலம் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஹேவ்லாக் கப்பல் வந்து ஒட்டியது. வழக்கமாகத் தேவேந்திரன்தான் தங்கையை அழைத்துவர நிற்பான். இன்று வசந்தா வந்திருந்தாள், சந்திரமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு. இரட்டைச் சடையில் புது ரிப்பன் இருந்தது. ரவி பஸ் ஏற மாட்டான் என்பதால் மருதாயி வீட்டில் மீன் சோறு தின்றுகொண்டிருந்தான்.

சோப்புத் தண்ணீரில் வெந்து வெளுத்த கைகளோடு ஷீலா இறங்கி வந்தாள். அண்ணியைக் கண்டதும் திகைத்தாள்.

"நீங்களா அண்ணி? அண்ணனுக்கு என்னா? மேலுக்கு ஏதும் முடியலையா?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. நான்தான் வந்தேன்."

ஷீலா மகளின் கன்னத்தைத் தொட்டாள். கண் சட்டைக்குப் போனது. கோணலாகப் போட்டிருந்த கடைசிப் பொத்தானைச் சரிசெய்ய அவள் கை நீண்டது.

வசந்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாத ஷீலா. அவளே போட்டது."

ஷீலா நம்பாமல் மகளைப் பார்த்தாள், பொத்தான்களைப் பார்த்தாள், ஒவ்வொன்றாக எண்ணினாள். ஜெட்டியின் இரைச்சலுக்கு நடுவே அவள் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. மாசக் கடைசியில..."

"தெரியும்," என்றாள் வசந்தா. இன்னும் அவள் கையை விடவில்லை. "அதுக்கு முன்னாடி நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். காலையில இதே பொத்தானை அவ ஒரு தடவ போட்டா, ஷீலா. அப்ப நான் என்னா செஞ்சேன்னு கேட்டுட்டு, அப்புறமா நீ போறதா இருக்கிறதான்னு முடிவு பண்ணு."

ஷீலாவின் கை, வசந்தாவின் கைக்குள் மெல்ல விறைத்தது.